எப்படியும் வந்துவிடுகிறவர்கள்

இங்கே ஒஹாயோவில், பல்கலைக்கழகத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பிஸ்கட் கொடுத்து வரவேற்பார்கள். யார் வந்தார், எத்தனை முறை வந்தார், நாங்கள் அனுப்பிய ஈமெயிலைத் திறந்தாரா என்பதெல்லாம் உடனே எங்கள் கணினியில் ஏறிவிடும். யாருக்கு எவ்வளவு உதவித்தொகை கொடுத்தால் இங்கே சேருவார் என்று அந்தத் தகவல்களை வைத்துக் கணிப்பது என் வேலை. வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. ஆசைப்பட்டு அடிக்கடி வருகிறவர் எப்படியும் சேர்ந்துவிடுவார் என்று கணினி சொல்லும். அதனால் அவருக்கு உதவித்தொகை குறையும். தயங்குகிறவருக்குத்தான் ஜாஸ்தி.

போன வசந்தத்தில் ஹன்னா என்ற பெண் மூன்று முறை வந்தாள். அப்பா மக்காச்சோள விவசாயி. மூன்றாம் முறை அவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "இவளுக்கு வேறு எந்த இடமும் கண்ணில் படவில்லை" என்று பெருமையாகச் சொன்னார். அந்த வாரமே அவளுக்கான தொகையைக் கணினி குறைத்தது. 

என் அப்பாவும் இப்படித்தான் புவனகிரியிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்துக் கல்லூரி ஆபீசுக்கு அலைந்தார், எனக்குக் கட்டணச் சலுகை கேட்டு.

"எத்தன தடவதான்யா வருவீங்க?" என்று ஆபீஸ் அம்மா சலித்துக்கொண்டார்.

"கெடைக்கிற வரைக்கும் வருவேம்மா. புள்ள இங்கதான் படிக்கணுங்குது."

அந்த அம்மா எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குள் போனார். அப்பா அலைந்தது எனக்கு இடம் வாங்கித் தந்தது.

ஹன்னாவின் தொகை குறைந்த மறுநாள் என் மேலாளர் கேரனிடம் போய், "எத்தனை முறை வந்தார் என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்" என்றேன். ஹன்னாவை உதாரணம் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"அவள் உனக்குத் தெரிந்தவளா?"

"இல்லை."

"தெரிந்தவள் என்றால் அதை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் விஷயத்திலிருந்து நீ ஒதுங்க வேண்டும். இது விதி."

நியாயம் கேட்கப் போனேன். சிபாரிசுக்கு வந்தவனாக அவர் கண்ணுக்குத் தெரிந்தேன். என் அப்பாவைப் பற்றி அங்கே எப்படிச் சொல்வது? கணக்கு மாறவில்லை.

ஆகஸ்டில் ஹன்னா சேர்ந்தாள், கடன் வாங்கி. கணினி சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. விடுதிக்குப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த அன்று, வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கடலூரில் தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் என் மச்சான்.

"மச்சான், நீ அங்க செய்யிறத எங்க காலேஜுக்கும் போட்டுக் குடு. நம்ம பக்கத்துப் புள்ளைங்க எப்படியும் வந்துடும், அவுங்களுக்கு எதுக்குச் சலுகை? சேர்மன் கேக்குறாரு."

"அத மட்டும் கேக்காத மச்சான். என்னால முடியாது."

"வெள்ளக்காரனுக்குச் செய்வ, சொந்த ஊருக்குச் செய்யமாட்ட?"

 கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

ஹன்னாவின் அப்பா தோளில் மெத்தையோடு என் எதிரில் வந்து நின்று, விடுதிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றேன். தமிழில் சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் என் கை நீண்ட திசையைப் பார்த்தார், தலையாட்டினார், நடந்தார்.