கீழே பார்த்த குருவிகள்

டீட்டிகோன் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பார்த்துப் பயந்து, போன இலையுதிர் காலத்தில் நான்கு பேய்கள் நகராட்சிக்குப் போய்த் தங்கள் குடியிருப்புப் பதிவை வெட்டிக்கொண்டு ஆராவ் பக்கம் குடிபெயர்ந்தன. நான்கு என்பது சற்று மிகைதான். நகராட்சிக்குப் போனதும் மிகை; முன்கூட்டியே நேரம் எடுக்காத பேயை இந்த நாட்டில் எந்த அலுவலகமும் உள்ளே விடாது. ஆனால் ஒரு மனிதர் பயந்தது உண்மை. துன் நகரத்திலிருந்து ரயிலேறி வந்து பயந்தார். அவரைப் பயமுறுத்தியது சிவகலாவின் கை.

சிவகலா எங்களுக்குக் கீழ் வீட்டுக்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கேட்டால் ஐம்பதிலேயே நிற்பாள். அவளுடைய அண்ணன் சச்சிதானந்தன் முதலில் அகதியாக வந்து, துன் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் கோப்பை கழுவி, தங்கைக்கு வழி செய்து கூப்பிட்டவர். கலியாணம் கட்டி வைத்தவரும் அவர்தான். அவளுடைய கணவன் மாரடைப்பில் போனபோது ஒரு கிழமை வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தவரும் அவர்தான். மகள் வேணுகா பிரெஞ்சு பேசும் நொஷாட்டலில் வேலை செய்கிறாள். அவள் இப்போது பிரெஞ்சில்தான் கனவு காண்கிறாள் என்று தாய்க்குக் குறை. ஆகவே அந்த வீட்டில் சிவகலா தனி.

நகரத்துக்கு வெளியே பெரிய வீட்டுப்பொருள் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. பெட்டி உடைத்துத் தட்டில் அடுக்கத்தான் எடுத்தார்கள். ஒரு முறை, காட்சி மேசை அலங்கரிக்கிற பெண் வராத நாளில், ஈஸ்டர் முட்டைகளை இவள் ஒரு காய்ந்த கிளையில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறாள். சனம் முட்டையை விட்டுவிட்டுக் கிளையை விலை கேட்டதாம். அன்றிலிருந்து பருவத்துக்குப் பருவம் அந்த மேசை அவளுடையது. ஆனால் அவளுடைய சொந்த வீட்டுச் சுவரில் கோயில் கலண்டரும் சாமிப் படங்களும் மட்டும்தான். கேட்டால், "ஆருக்குக் காட்ட ஆச்சி?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

அந்த "ஆர்" யார் என்பது எனக்குத் தெரியும். அண்ணன்தான்.

அண்ணன் மகனுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு இவள் சொந்த மாமி. நம்முடைய வழக்கப்படி வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து சொல்லவேண்டிய முதல் ஆள். அவர் விடுதியில் பருவ வேலை நெருக்கடி என்று அழைப்பிதழைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். இவள் போகவில்லை. மணவறையில் மாமிக்குரிய இடம் வெறுமையாக இருந்ததைச் சபை பார்த்தது. மறுநாள் அவர் கூப்பிட்டுச் சொன்னாராம்: "நீ செத்தாலும் உன்ர வாசல் மிதிக்க மாட்டன்." இவள் அவருடைய இலக்கத்தைத் தடைசெய்துவிட்டாள். கோபத்தில் பேசிய வாய் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். கைப்பேசியில் அழுத்திய தடை ஆறாது.

வருடங்கள் ஓடின. வாசலில் காலடி கேட்டால் இவள் தலையை நிமிர்த்துவாள். வந்தது நான்தான் என்று தெரிந்ததும் முகம் ஒரு விரற்கடை இறங்கும். எனக்கு அது கொஞ்சம் அவமானம்தான். பலகாரம் தருவதால் பொறுத்துக்கொண்டேன்.

போன ஒக்டோபர் கடைசியில் திடீரென்று அவளுக்கு ஆசை வந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு இனிப்புக் கேட்டு வருவார்கள். இந்த முறை தன் வீட்டையும் அலங்கரிக்க வேண்டும் என்றாள்.

"கடையில காலமை தொடங்கிச் செம்மஞ்சளுக்குள்ளதான் நிக்கிறன் ஆச்சி. செம்மஞ்சள் பூசணி, செம்மஞ்சள் மெழுகுதிரி, செம்மஞ்சள் கைதுடைக்கிற கடதாசி. கண்ணை மூடினாலும் அதுதான். என்ர வீட்டுக்கு அது வேண்டாம். வெள்ளையும் கறுப்பும். வேற ஒண்டுமில்லை."

"பேய்க்கு இவ்வளவு சிக்கனமோ பிள்ளை?"

"நிறம் குறைஞ்சால்தான் பயம் கூடும். பாருங்கோவன்."

உண்மையிலேயே கை விசேஷம். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, பஞ்சு உருண்டையைத் தலையாகக் கட்டி, கஞ்சி தோய்த்துப் பேய்கள் செய்தாள். சப்பாத்துப் பெட்டிகளைக் கறுப்படித்து வௌவால் வெட்டினாள். லிம்மாட் ஆற்றங்கரையில் பொறுக்கிய சுள்ளிகளுக்கும் கறுப்பு. ஜாம் போத்தல்களுக்குக் கறுப்புப் பூசி, இரண்டு கண் அளவுக்கு மட்டும் சுரண்டி, உள்ளே விளக்கு வைத்தாள். கடைசியில் வெள்ளைக் கடதாசியை நீள நீளமாகக் கீறி, மடித்து மடித்துத் தோரணம். அதைப் பின்னும்போது அவள் பார்க்கவே இல்லை. வேணுகாவோடு கைப்பேசியில் கதைத்துக்கொண்டே விரல்கள் தம்பாட்டில் பின்னின.

படிக்கட்டில் ஒன்றும் தொங்கவிடக் கூடாது, தீ விபத்து விதி. ஆகவே எல்லாம் பஸ் வந்து நிற்கும் தரிப்பைப் பார்த்த பால்கனிக்குப் போயிற்று. காலையில் மேலே ஒரு வெள்ளைத் துணியை விதானம்போல இழுத்துக் கட்டினாள். அதன் ஓரம் முழுக்கத் தோரணம். பேய்களுக்கு எழுதிய கண் காயவில்லை. அவை குளியலறையில் தொங்கிக்கொண்டிருந்தன.

இனி நடந்ததற்கு ஒரு விளக்கம் வேண்டும். நம் பக்கத்துத் தோரணத்தில் ஓலையை மடித்துச் செருகும் மடிப்புக்குக் குருவி என்று பெயர். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, மேலே பார்க்கும். செத்தவீட்டுக்கு மூன்று, கீழே பார்க்கும்; மேலே வெள்ளைத் துணியும் கட்டுவார்கள். சிவகலா சின்ன வயதில் ஊரில் இருந்த வருடங்கள் கலியாணங்கள் அதிகம் நடந்த வருடங்கள் அல்ல. அவள் விரல்களுக்குப் பழக்கமானது மூன்றுதான். நான் கவனித்திருப்பேன் என்கிறீர்களா? என் கண்ணில் அப்போது புரை. அவளுடைய வெள்ளையும் கறுப்பும் எனக்கு ஒரே சாம்பல்.

மரியதாஸ் கவனித்தார். தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகும் வான்காரர். பஸ் தரிப்புக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை கட்டியிருக்கிறது, தோரணம் கீழே பார்க்கிறது. இறங்கி வந்து கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வானுக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு வாழைக்குலையும் தேங்காயும். அதோடு செத்தவீட்டு வாசலில் கால்வைக்க எந்தத் தமிழனுக்கு மனம் வரும், சிலுவை போட்டவனாக இருந்தாலும்? துன்னுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சச்சி அண்ணை, தங்கச்சி வீட்டில வெள்ளை கட்டியிருக்கு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

தனியாக இருப்பவள் வீட்டில் வெள்ளை கட்டினால் செத்தது யார்? அண்ணன் தங்கையின் இலக்கத்தை அழுத்தினார். மணியே அடிக்கவில்லை. தடைசெய்த இலக்கம் எப்படி அடிக்கும்? அவருக்கு அது வேறு மாதிரி விளங்கியது. வேணுகாவை அழைத்தார், அவள் வேலையில், கைப்பேசி அலுமாரிக்குள். மனைவிக்குச் செய்தி எழுதிவிட்டு அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தார். மகனின் கலியாணத்தில் மாமிக்குக் கொடுக்கவென்று வாங்கி, கொடுக்காமலே வைத்திருந்த சேலை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போடவேண்டும் அல்லவா? அதையே பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். பேர்ன் வரும்வரை அவர் அழுத அழுகையில் ஆரே ஆறு கரை மீறியது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கரை மீறவில்லை. அழுதது மட்டும் உண்மை.

பின்னேரம் மழை தூறியது. பேய்கள் காய்ந்து பால்கனிக்குப் போய்விட்டன. நான் சோபாவில் இருந்து, பிள்ளைகளுக்கு வைத்த இனிப்பைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

"முந்தி வந்திட்டுதுகள்!" என்று சிவகலா எழும்பினாள். மிஞ்சிய விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருந்தாள். அதைத் தலையோடு போர்த்துக்கொண்டு, கையை விரித்து, "ஊ..." என்று ஊளையிட்டபடி கதவைத் திறந்தாள்.

வாசலில் சச்சிதானந்தன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர் முன்னால், தலை முதல் கால்வரை வெள்ளை மூடிய ஒரு உருவம். அவர் கத்தவில்லை. கையில் சப்பாத்தோடே படியில் குந்திவிட்டார்.

"கலா," என்றார். அவ்வளவு மெதுவாக ஒரு ஆண்பிள்ளை பேசி நான் கேட்டதில்லை.

இவள் துணியை இழுத்து எறிந்தாள். "அண்ணை!"

"நீ... இருக்கிறியோ?"

"இல்லாமல்? என்ன அண்ணை இது கோலம்?" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். பயத்தில் வந்த சிரிப்பு, சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. ஆனால் சிரிப்பில் எது எது என்று பிரித்து எழுதியா இருக்கிறது?

அவர் எழும்பினார். தெருவில் தலை நிமிராமல் வந்தவர், அவள் தோளுக்கு மேலால், பால்கனியில் ஆடிய பேய்களையும் கண் எரியும் போத்தல்களையும் அப்போதுதான் கண்டார்.

"இது என்ன விளையாட்டு?"

"ஹலோவீன் அண்ணை. பேய் அலங்காரம். பிள்ளையளுக்கு."

"பேய் அலங்காரமோ? மூண்டு குருவித் தோரணம் கட்டி, வெள்ளை கட்டி? மரியதாஸைக் கொண்டு எனக்குச் சொல்லுவிச்சனியோ?"

"நான் ஆரிட்டையும் ஒண்டும் சொல்லேல்லை!"

"தம்பி, முதல் உள்ள வாரும்," என்றேன் நான். "அழுதவருக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமல் விட்டால் எங்களைப் பேய்கூட மதியாது."

அவர் என்னைப் பார்த்தார். முகம் இளகியது, என் புரைக்கண்ணுக்கே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கி வாசலுக்கு உள்ளே வைத்தார். அந்தக் காலைப் பார்த்ததும் சிவகலாவுக்குப் பத்து வயதாகிவிட்டது. கிட்டிப்புள் அடித்து வென்ற பிள்ளைபோலக் கைதட்டிச் சொன்னாள்:

"செத்தாலும் மிதிக்க மாட்டன் எண்டனீங்கள். மிதிச்சிட்டியள், பாத்தியளோ!"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. அவர் காலை எடுத்துக்கொண்டார்.

"ஓம்," என்றார். "செத்தவளிட்டைத்தான் வந்தனான். இருக்கிறவளிட்டை இல்லை."

பையைக் கால்மிதியில் வைத்தார். சப்பாத்தைப் போடாமல், காலுறையோடு படியிறங்கினார். சிவகலா பால்கனிக்கு ஓடினாள். கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். பஸ் வந்து கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். வேடம் போடாத கிழவியைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனபிறகு அவள் தோரணத்தை அவிழ்த்து மடியில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ர கைக்கு இதுதான் ஆச்சி தெரிஞ்சிருக்கு," என்றாள்.

தடையை அன்றே எடுத்துவிட்டாள். இப்போது மணி அடிக்கிறது, அவர் எடுப்பதில்லை. பையைப் பிரித்தபோது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரைச் சேலை. அவளுக்குப் பிடித்த நிறம் அதுதான் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. இன்னும் கட்டவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு வாங்கிச் செத்தவளுக்குக் கொண்டுவந்த சேலையை எந்த நாளில் கட்டுவது என்று என்னிடம் கேட்டாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன், அப்படி ஒரு நாள் அதில் இல்லை.

இந்த வருடமும் பால்கனி அலங்காரம் உண்டு. அதே வெள்ளை, அதே கறுப்பு, அதே பேய்கள். தோரணம் மட்டும் நான்கு குருவி, எல்லாம் மேலே பார்க்கின்றன. பேய் வீட்டில் கலியாணம் என்று பஸ்ஸில் போகிற தமிழர்கள் சிரிக்கிறார்கள். மரியதாஸ் இம்முறை வானை நிறுத்திவிட்டு வந்து படம் எடுத்தார்.

"அண்ணைக்கு அனுப்பினீங்களோ?" என்று மேலிருந்தே கேட்டாள்.

"அனுப்பினனான் தங்கச்சி. பாத்திட்டார், நீலக்கோடு விழுந்திட்டுது."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

இவ்வளவையும் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து ஜாம் போத்தல் சுரண்டிக்கொண்டிருக்கும் சிவகலாவுக்கே வாசித்துக் காட்டினேன். கடைசி வரியாக, "பஸ் தரிப்பில் நின்ற சச்சிதானந்தன் இந்த வீட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை" என்று முடித்திருந்தேன். நல்ல முடிவு என்று எனக்குள் ஒரு மெச்சல்.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"அது பிழை ஆச்சி. நீங்கள் சோபாவில இருந்தனீங்கள், காணேல்லை. அவர் திரும்பிப் பாத்தவர். பஸ் வருமட்டும் பாத்துக்கொண்டுதான் நிண்டவர். நான்தான் பெரிய பேய்க்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான். அவருக்குப் பேய் மட்டும்தான் தெரிஞ்சது."