வெற்சூட்டுக்கு மேல் ஒரு பஞ்சாபிச் சட்டை

ஏரியில் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகை வலிக்கப் போகிறவர்கள் வெயிலைப் பார்த்து உடுக்கக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுக்க வேண்டும். கரையில் வியர்த்துக் கொட்டினாலும் ஜூன் மாதத்தில் ஒன்ராறியோ ஏரி ஐஸ்தான். பருத்தி கூடவே கூடாது, நனைந்தால் குளிரை உடம்போடு பிடித்து வைத்திருக்கும். இதையெல்லாம் மகள் எனக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டே நான் பார்த்த விசர் வேலை இது.

நாட்டின் மறுகோடியில், வன்கூவரில் வேலை கிடைத்து, மகள் அந்த வியாழக்கிழமை புறப்பட இருந்தாள். போவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேர் இருக்கும் கயாக்கில் ஒருநாள் தன்னோடு வர வேண்டும். நானும் பெரிய வீராங்கனைபோல ஓம் என்றுவிட்டேன்.

வாடகைக்கு எடுத்த வெற்சூட்டை வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் வில்லங்கம் விளங்கியது. ரப்பர் உடுப்பு, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒட்டிப்பிடித்தது. ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றோடு, கண்ணாடியைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோ ஏரிக்கரையில் எங்கள் சனம் பாதி பாபிகியூ அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டு நிற்கும். கோயிலில் என்னைச் சேலையோடு பார்க்கிறவர்கள் இந்தக் கோலத்தில் பார்ப்பதா? முழங்கால்வரை தொங்கும் பருத்திப் பஞ்சாபிச் சட்டையொன்றை மேலே போட்டு, அதற்கு மேல் லைஃப் ஜக்கெற்றைப் பூட்டினேன். ஏரிக்கரையில் மகள் வாயைத் திறந்தாள்.

"ஒண்டும் சொல்லாதை," என்றேன்.

கயாக் பழக்குகிற பெண் எங்களை நெஞ்சளவு தண்ணீரில் இறக்கி, கவிழ்ந்தால் செய்வதுபோலத் தண்ணீருக்குள்ளிருந்து கயாக்கில் ஏறச் சொன்னாள். ஐயோ கடவுளே! சட்டை காலைச் சுற்றிக்கொண்டது. மூன்று தரம் உன்னி ஏறப் பார்த்தேன், மூன்று தரமும் வழுக்கி விழுந்தேன். கரைக்கு வந்ததும் நனைந்த துணியில் காற்றுப் பட்டு, பல் கிடுகிடுவென்று அடித்தது.

அந்தப் பெண் நேராகவே சொன்னாள். சட்டையைக் கழற்று, இல்லாவிட்டால் கரையில் இரு. நடு ஏரியில் கவிழ்ந்தால் உன்னைத் தூக்க உன் மகள்தான் இந்தக் குளிருக்குள் கிடந்து போராட வேண்டும்.

"இட்ஸ் ஓகே அம்மா, விடுங்கோ. வீட்டை போவம்," என்றாள் மகள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. திருப்பிக் கொடுக்கத் துடுப்புகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்புப் பக்கமிருந்து ஒரு குரல். கோயிலில் பூ கட்டும் பிள்ளை, கையில் இடுக்கியோடு நின்றாள்.

"அன்ரி, நீங்களோ? உதென்ன கோலம்?"

குனிந்து பார்த்தேன். நனைந்த சட்டை எங்கும் ஒட்டி, நான் மறைக்க நினைத்ததையெல்லாம் வடிவாகக் காட்டிக்கொண்டிருந்தது. மானம் போவதென்றால் அது ஏற்கெனவே போய்விட்டது. அதற்காக மகளோடு போகும் பயணத்தையும் விடுவதா?

"கயாக் வலிக்கப் போறன், பிள்ளை," என்று சத்தமாகச் சொன்னேன்.

ஜக்கெற்றைக் கழற்றினேன். சட்டையை உரித்துப் பிழிந்து கல்லில் எறிந்தேன். மகள் ஓடிவந்து, சனம் பார்க்காதபடி என்னைச் சுற்றித் துவாயை அகல விரித்துப் பிடித்தாள். சின்ன வயதில் இதே கரையில் அவள் உடுப்பு மாற்றும்போது நான் அப்படித்தான் பிடிப்பேன்.

"துவாயை எடு பிள்ளை," என்றேன். "எனக்குத் தண்ணி தெரியேல்லை."