பஸ் ஸ்டாப் கல்லில் நான் எழுதியது

பரமத்தி வேலூர் சாலையில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு கருங்கல் பலகை நிற்கிறது. ஊர் உண்டான வரலாறு அதில் பொன்னிற எழுத்தில் இருக்கிறது. வாசகம் என்னுடையது. கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்பதால் போன வருஷம் என்னிடம் கேட்டார்கள். ‘ஆள் நடமாட்டமற்ற முட்காட்டைத் திருத்தி நம் முன்னோர் இவ்வூரை உண்டாக்கினர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் காட்டில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அது தெரியும். மாரியம்மன் நோம்பியில் கிழக்குத் தெருவின் கூலிக் குடும்பங்கள் பொங்கல் அடுப்பை மூட்டிய பிறகுதான், நிலம் வைத்திருக்கும் நாங்கள் மூட்டுவோம். எங்கள் முன்னோர் வண்டியோடு வந்து இறங்கியபோது நெருப்புக் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். அதை எழுதினால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். விட்டுவிட்டேன்.

இந்த வருஷ நோம்பியில் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு வயதான அம்மாள் முதல் அடுப்புக் கூட்ட உட்கார்ந்தார். என் பங்காளி மகன் போய்த் தடுத்தான்.

“ஏனுங்க சாமி, எப்பவும் நாங்கதானுங்களே மொதல்ல?”

“பஸ் ஸ்டாப்புக் கல்லப் போய்ப் பாரு. மொதல்ல வந்தது ஆருன்னு போட்டிருக்குது.”

“அந்தக் கல்லு போன வருசம் நட்டதுங்க. அதவிட எனக்கு வயசு சாஸ்திங்க.”

கூட்டம் சிரித்தது. அவனுக்குக் கோபம் வந்து என் பக்கம் திரும்பினான். “பெரிப்பா, நீங்களே சொல்லுங்க. நீங்க எழுதுனது நெசந்தானுங்களே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமாம்” என்றேன்.

அந்த அம்மாள் அடுக்கிய விறகைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். எங்கள் பானைகளெல்லாம் பொங்கி இறங்கிய பிறகுதான் அவர் அடுப்பு எரிந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். “கல்ல மாத்திச் செதுக்கச் சொல்றேன் ஆத்தா.”

“கல்லுல கை வெச்சா எங்க பசங்கதான் பண்ணச் சொன்னாங்கம்பாங்க. அத உடுங்க சாமி. ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த நோம்பிக்கு மொத அடுப்பு எங்குளுக்கு வேணுங்க.”

சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. அவர் தன் தெரு ஆட்களோடு பின்னால் நின்றிருந்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுந்தேன். எதிரே என் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீதியில் தெருவிளக்கு எரிவதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.