காகிதத் தொப்பிக்குள் வேறொரு பிள்ளை

சுண்டல் தட்டு பத்தொன்பது. பிள்ளைகள் பத்தொன்பது. எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் பந்தியில் இருந்த ஒரு சிறுமி, "சார், இது அன்பு இல்ல. வேற யாரோ" என்றாள்.

ஆண்டவருடைய பிள்ளைகளாகிய உங்களில் பலருக்கு இதை நான் வாயால் சொல்லியிருக்கிறேன். வயதாகிவிட்டது. மறப்பதற்குள் எழுதியும் வைத்துவிடுகிறேன்.

1963ஆம் வருஷம், ஆடிப் பதினெட்டு. அப்போது நான் திருச்சி உறையூரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஒரு சிறிய விடுதிக்குக் கண்காணிப்பாளர். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைக்கூட எண்ணாமல் கதவைச் சாத்தமாட்டேன். அந்த வருஷம் டென்மார்க்கிலிருந்து ஆறு வாலிபர்கள், ஒரு பழைய பஸ்ஸைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, நாடு நாடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரம் எங்கள் பிள்ளைகளோடு தங்கி உதவி செய்ய அனுமதி கேட்டிருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்தே எனக்குக் கவலை. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்களா, வெயிலில் தலைக்குத் துணி போட்டார்களா, அவர்கள் கொடுக்கிற மிட்டாய் எந்தப் பிள்ளையின் தொண்டையிலாவது சிக்குமா என்று ஓயாமல் அலைந்தேன். அவர்களோ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், சிரங்குக்கு மருந்து போட்டார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களில் இங்கா என்ற பெண் தமிழ் கற்றுக்கொண்டது முழுக்கப் பிள்ளைகளிடம். மரியாதைச் சொல் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. என்னையே "சார், வாடா, சாப்பிடுடா" என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிற நாள். கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பது? இங்கா செய்தித்தாளை மடித்து ஆளுக்கொரு தொப்பி செய்து மாட்டிவிட்டாள். "தொப்பிகளை எண்ணினால் போதும்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

படித்துறையில் பிள்ளைகள் சொம்பால் மொண்டு குளித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் சின்னச் சின்ன மரச் சப்பரங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடின. எங்கள் பிள்ளைகளின் கண்ணெல்லாம் அந்தச் சப்பரங்களில். ஊர்ப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் வெள்ளைக்காரர்களின் பஸ்ஸில். திரும்பும்போது பையன்கள் வெறும் மேலோடு, பிள்ளைகள் எல்லாரும் ஈரத் தலையில் தொப்பியோடு ஏறினார்கள். வாசலில் நின்று எண்ணினேன். பத்தொன்பது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். பத்தொன்பது. கிளம்பினோம்.

விடுதியில் சிறுமி சொன்னபிறகு அந்தத் தொப்பியை எடுத்ததும், அதுவரை மூக்குவரை அதை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த பையன் ஓவென்று அழுதான். கேட்டுக் கேட்டு இவ்வளவுதான் வந்தது. பேர் ரெங்கராசு. பஸ்ஸில் ஏற ஆசை. தன் சப்பரத்தை அன்புவிடம் கொடுத்துவிட்டு, அவன் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டான்.

"ஒரு சுத்து சுத்திட்டு இறக்கி விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்று விக்கினான்.

அன்புவுக்கு ஐந்து வயது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வெள்ளம் ஓடுகிற கரையில் தனியாக நிற்கிறான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளையைத் தொலைத்ததோடு, அடுத்தவர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். சாமான் அறைக்குள் போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, எனக்கு எண்ணத்தான் தெரியும். அன்புவைத் தேட வழி தெரியவில்லை. நீர் காட்டும். அவன் இல்லாமல் இந்த வாசலை மிதிக்கமாட்டேன்." அவ்வளவுதான் ஜெபம். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

எழுந்து வெளியே வந்தேன். போலீஸுக்கு ஓடுவது, அழுகிற பையனைச் சமையற்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போவது என்பதுதான் என் எண்ணம். அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இங்கா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் அவனிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "அம்மா எங்கடா? உன் அம்மா எங்கடா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். இவன் அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? மகனைத் தேடுவாள். மகனுடைய சப்பரம் கண்ணில் பட்டால் விடுவாளா? அந்தச் சப்பரம் இருக்கிற இடத்தில்தானே அன்பு இருப்பான்! நான் தொந்தரவு என்று நினைத்த பிள்ளையைத்தான் ஆண்டவர் எனக்கு வழியாக அனுப்பியிருந்தார். நான் முழங்காலிடுவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்.

"இவனையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

பஸ்ஸில் கிளம்பினோம். பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தோம். ஊரே எங்களுக்கு எதிராகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. டென்மார்க் வாலிபர்களில் உயரமானவன் பீட்டர். ரெங்கராசுவின் முகம் எல்லாருக்கும் தெரியும்படி தோளில் ஏற்றிக்கொண்டான். இங்கா முன்னால் போய், "தள்ளுடா! வழி விடுடா!" என்று கத்தினாள். ஒரு போலீஸ்காரரிடமும் அப்படியே சொன்னாள். அவர் திகைத்துப்போய் வழி விட்டார். நான் அன்புவின் பெயரைக் கூவிக்கொண்டே நடந்தேன். இனி முடியாது என்று மனம் சொன்னபோதெல்லாம் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

மண்டபத்துக்கு வெளியே ஒரு கூண்டு வண்டி மாடு பூட்டி நின்றது. "இருட்டுது, ஏறு. காலையில வந்து தேடலாம்" என்று உள்ளே இருந்தவர்கள் ஒரு பெண்ணை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை. அவள் கையில் ஒரு சப்பரம். அவளுடைய முந்தானை நுனி ஒரு சின்ன மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அது அன்புவின் கை. இன்னொரு கையால் அவன் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தான்.

ரெங்கராசு தோளிலிருந்தே "யம்மா!" என்று கத்தினான். அவள் அவனை இறக்கி முதுகில் இரண்டு போட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஏத்தும்போது எண்ணிப் பாக்கலியா?"

"எண்ணினேன்மா. சரியாத்தான் இருந்தது."

"புள்ளைங்க என்ன தேங்காயா, எண்ணி ஏத்துறதுக்கு? மூஞ்சியப் பாக்க வேணாம்?"

அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஓரமா சப்பரத்தை இழுத்துக்கிட்டு நின்னான். இவனத் தேடி யாராச்சும் வருவாங்க, அவங்களோட எம்புள்ளையும் வருவான்னு நெனச்சேன். வண்டி போனா போவட்டும்னு கட்டிப் போட்டுட்டேன்."

ஜீயபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நான் அந்தப் புழுதியிலேயே முழங்காலிட்டேன். இங்கா அவள் கையைப் பிடித்து, "நீ ரொம்ப நல்லவடா" என்றாள். "இதென்ன, என்னையப் போயி டா போடுது!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் டென்மார்க்காரர்கள் ஆறு பேரையும் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். காலையில் இங்கா செய்தித்தாள்களோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மிச்சமிருக்கிற நாட்களை முடிக்காமல் போகமாட்டோம் என்றாள். ஒவ்வொரு தொப்பியிலும் பெயர் எழுத வேண்டும், சொல்லுங்கள் என்றாள். நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவள் கோணல் தமிழ் எழுத்தில் எழுதினாள். அதுவரை என் ஜெபத்தில், "இந்தப் பத்தொன்பது பேரையும் காத்தருளும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். அன்று இரவு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டேன். நேரம் கூடுதலாக ஆனது. அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

பிரியமானவர்களே, உங்களுக்கும் தொலைந்துபோன ஒருவர் இருக்கலாம். பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் எழுந்து நடங்கள். கூடவே வந்து சேர்ந்த வேறொரு தொந்தரவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதையும் தோளில் ஏற்றிக்கொண்டு போங்கள். எனக்கு வழி திறந்தவர் உங்களுக்கும் திறப்பார்.

நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். மாத்திரை, படிக்கட்டு, ஜன்னல் கம்பி. அன்பு இப்போது துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். என்னைப் பார்க்க வந்தால் பேசாமல் உள்ளே நுழையமாட்டான். வாசலில் நின்று தலையை நீட்டி, "சார், மூஞ்சியப் பாத்துக்குங்க. அன்புதான் வந்திருக்கேன்" என்பான்.

நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.