கொம்பில் வைத்த பச்சைப் பொட்டு

பொய் சொல்லி அரசாங்க மானியத்தில் என் வீட்டுக்குச் சாண எரிவாயுத் தொட்டி கட்டிக்கொண்டவன் நான். என்னிடம் இருந்தது இரண்டு மாடு. கணக்கில் காட்டியது நாலு. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் மாடுகள். அதனால் அவருக்கு வரவேண்டிய தொட்டி வராமலே போய்விட்டது.

அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டோமே என்று நான் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என்னை அரிப்பது ரோசம்மா அக்கா. அதிலும் வேடிக்கையைப் பாருங்கள்... இன்றுவரை நான் அதிகம் நன்றிக்கடன் பட்டிருப்பதும் அவருக்குத்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்போது அங்கெல்லாம் வயலும் கிணறும்தான். தாம்பரம் கிழக்கில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பு, பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் விட்டுப்போன பேப்பரில் படித்ததும் அவர்கள் வாயைப் பார்த்துக் கற்றதும்தான். நல்லதாக ஒருவர் நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும், கையில் இருக்கும் டியூபை மறந்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மனு எழுத வருமாகையால் தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் உண்டு.

என் மனைவி கனகாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் சவுக்கு விறகு ஊறிப்போனால் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் அழுதுகினே ஆக்கறேன். நீங்க சிரிச்சுகினே சாப்புடுறீங்க. நல்லாத்தான் கீது நம்ம குடித்தனம்."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து திட்டம் வந்தது. மாட்டுச் சாணியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் எரிவாயு வரும், குழாய் வழியாக அடுப்பில் எரியும், புகை கிடையாது. தொட்டி கட்டும் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே மானியமாகக் கொடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் குறைந்தது நாலு மாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பு எரியுமளவு சாணி கிடைக்காது என்றார்கள்.

ரோசம்மா அக்காவிடம் சரியாக நாலு மாடு இருந்தது. கணவரை இழந்தவர். விடியற்காலையில் இட்லி சுட்டு, பஸ் நிற்கும் இடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்பார். மீதி நேரம் மாடுகள். அவர் கண்கள் எப்போதும் சிவந்து, நீர் வடிந்தபடி இருக்கும். புகை பக்கமே போகாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "புகை பக்கம் போவலன்னா அப்பறம் சோத்துப் பக்கமும் போவ முடியாது டாக்டரம்மான்னு சொல்லிட்டு வந்தேன்" என்பார்.

அவருக்கும் மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். நாலு மாடு என்று எழுதியபோது அது உண்மை. அதே பேனாவால் எனக்கும் ஒன்று எழுதினேன். நாலு மாடு என்று. அது பொய். அதிகாரி வரும் அன்றைக்கு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை... யோசிக்காதது போல் இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

எங்கள் வீட்டைப் பார்க்க அதிகாரி வரும் நாள் முதலில் வந்தது. காலையில் அக்காவிடம் போனேன்.

"அக்கா, மாட்டுக்கு ஊசி போட வர்றாங்களாம். எங்க கொட்டாய்லதான் போடறாங்க. உன் செவலையையும் மயிலையையும் குடுக்கா, சேத்துக் கட்டி வெக்கறேன்."

"மத்த ரெண்டுக்கு?"

"அதுங்களுக்கு அடுத்த வாரமாம்."

வாய் கூசவில்லை. கனகாவிடமும் அதே ஊசிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவரே அவிழ்த்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார். செவலை முட்டும், பார்த்துப் பிடி என்று எனக்காகக் கவலைப்பட்டார்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். மாடுகளை எண்ணினார். பிறகு பையிலிருந்து சின்னதாக ஒரு பச்சைப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து ஒவ்வொரு மாட்டின் கொம்பிலும் ஒரு பொட்டு வைத்தார்.

"என்னங்க பண்றது... ஒரே மாட்டை ஊர் ஊரா ஓட்டிக்கிட்டுப் போய்க் காட்டறாங்க. போன மாசம் ஒரு பசு மூணாவது வீட்டுல என்னைப் பாத்து, வாங்க சார்னு தலையை ஆட்டுச்சு" என்றார்.

நானும் சிரித்தேன். பொட்டை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டி முடித்ததும் இன்னொரு தடவை வந்து பொட்டைச் சரிபார்ப்பேன், அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு... போயிருக்கும். அக்காவின் மனு பிழைத்திருக்கும். என் மானியம் போயிருக்கும். நான் துடைக்கவில்லை.

மாட்டைத் திருப்பிக் கொண்டுபோனபோது கொம்பைப் பார்த்துவிட்டு "இது இன்னாது?" என்றார் அக்கா.

"ஊசி போட்ட அடையாளம்க்கா. அழிச்சுடாத."

"அழகாத்தான் கீது" என்று மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்கு அதே அதிகாரி வந்தார். வேறு யாரையாவது அனுப்புவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்! "நீ வந்து கூட நில்லு தம்பி, ஆபீசருங்க கிட்ட எனக்குப் பேச வராது" என்று அக்கா கூப்பிட்டதால் நானும் அங்கே நின்றேன். எங்கள் வீட்டில் அதற்குள் குழி தோண்டியாகிவிட்டது. சிமென்ட் மூட்டை வந்து இறங்கியிருந்தது.

அதிகாரி இரண்டு மாடுகளை எண்ணினார். மூன்றாவதின் முன்னால் நின்றார். கொம்பைப் பிடித்துப் பார்த்தார். நாலாவதையும் பார்த்தார்.

"இது நம்ம பெயின்ட் ஆச்சே... ஏற்கெனவே எண்ணின மாடு இல்ல இது?"

அக்கா பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கலாம். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊசி, பொட்டு, என் வீட்டுக் குழி, சிமென்ட்... எல்லாம்.

இது என் மாடு சார், இவன் பொய் சொல்லி வாங்கிப் போனான். இவ்வளவு சொன்னால் போதும். சொல்வதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"பக்கத்து வூட்டு மாடு சார். நான்தான் இட்டாந்து கட்டுனேன்" என்றார்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, பாத்தா நல்லவங்களாட்டம் இருக்கீங்க. இப்படியா ஏமாத்தறது?"

"தப்புதான் சார்."

தலையைக் குனிந்துகொண்டு அக்கா சொன்ன அந்த இரண்டு சொல்லையும் எங்கே வைப்பேன் நான்? அவர் செய்யாத தப்பு. செய்தவன் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறான்.

நின்றது மட்டுமா? இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரி மனுவைக் குறுக்கே கோடு போட்டு அடித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாவம் சார், ஆம்பள துணை இல்லாதவங்க. ஏதோ தெரியாம செஞ்சுட்டாங்க, விட்டுடுங்க சார்" என்று அவருக்காகக் கெஞ்சினேன். என் குற்றத்துக்கு அவரைக் குற்றவாளியாக்கி, அவருக்காக நானே பரிந்து பேசினேன். அதிகாரி என்னை மெச்சுவது போல் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்ததே... அதை என்னவென்று சொல்வது?

அக்கா, பொட்டு வைத்த தன்னுடைய இரண்டு மாட்டையும் அவிழ்த்து, அதிகாரி பார்க்க, கயிற்றை என் கையில் கொடுத்தார். "இந்தாப்பா, ஒன் மாடு. இட்டுகினு போ."

ஓட்டிக்கொண்டு போனேன். அதிகாரியின் சைக்கிள் தெருமுனை தாண்டிப் போன பிறகும் வெகுநேரம் என் கொட்டகையிலேயே கட்டி வைத்திருந்தேன். சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன். ஏசுவார், காறித் துப்புவார், கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவார் என்று உடம்பைத் தயார் செய்துகொண்டு போனேன்.

கயிற்றை வாங்கிக்கொண்டு, "தண்ணி காட்டினியா?" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் தொட்டி கட்டி முடிந்தது. அதிகாரி மறுபடி வந்தபோதும் செவலையும் மயிலையும் என் கொட்டகையில் நின்றன. கேட்கக்கூட இல்லை நான். அக்காவே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருந்தார். முதல் தடவை அடுப்பில் நீலமாக நெருப்பு வந்தபோது கனகா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அந்த மாதத்திலேயே அவள் இருமல் தணிந்தது. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களை, வெயிலில் சைக்கிள் மிதித்த அந்த அதிகாரியை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். அவர்கள் கொடுத்தது நல்லது. வாங்கிய கைதான் கோணல்.

ஆனால் அரசாங்கம் ஒன்றும் சும்மா நாலு மாடு கேட்கவில்லை. இரண்டு மாட்டுச் சாணிக்கு அடுப்பு கொஞ்ச நேரம்தான் எரிந்தது. சோறு பாதி வேகும்போதே நெருப்பு சுருங்கிவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் செங்கல்தாங்க வெப்பேன். நெருப்பை மாடுதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கனகா இதை அக்காவிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் அன்னக்கூடையில் சாணியோடு வந்து நின்றார் ரோசம்மா அக்கா. அவர் வரட்டி தட்டும் சாணி. அவருடைய எரிபொருள்!

"எடுத்து ஊத்திக்கோ. எனக்குப் பால் காய்ச்ச, சாம்பார் வெக்க ஒன் அடுப்பைக் கொஞ்சம் குடு, போதும்."

அன்றிலிருந்து தினமும் கூடை வந்தது. அக்கா எங்கள் அடுப்பில் சாம்பார் வைப்பார். இட்லி மட்டும் அவர் வீட்டில், விறகில்தான். அத்தனை ஈடு வேக இங்கே எரிவாயு போதாது. கண்ணில் நீர் வடிய எங்கள் சமையலறைக்கு வந்து, "ஒங்க புண்ணியத்துல இதாவது புகையில்லாம ஆவுது கனகா" என்பார். கனகாவுக்குப் பெருமை தாங்காது. என்னிடம் கேட்பாள்: "ஏங்க, அக்காவுக்கு ஏன் வரல? நீங்கதான மனு எழுதனீங்க?"

"ஆபீஸ்ல ஏதோ குளறுபடி" என்பேன். பக்கத்தில் அக்கா கரண்டியால் கிண்டிக்கொண்டிருப்பார். திரும்பமாட்டார்.

மறு வருடம் மறுபடி மனு போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானே போய்க் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ஏமாற்றுக்காரி என்று தன் பேர் எழுதியிருக்கும் இடத்தில் போய் நிற்க அவருக்கு மனமில்லை. பிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் மனைக்கல் நட்டு வீடுகளாயிற்று. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகனுக்குக் கல்யாணமாகி, அவனோடு அனகாபுத்தூர் போய்விட்டார்.

போன வருடம் அவருக்கு அறவே கண் தெரியவில்லை என்று கேள்விப்பட்டேன். புகைதான் காரணமா? எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டேன். வயசு, சத்துக்குறைவு, புகை, எல்லாமும்தான் என்றார். அந்த எல்லாமும் என்பதில் என் பங்கு எவ்வளவு என்று எந்த டாக்டரைக் கேட்பது?

இனியும் பொறுக்கக்கூடாது என்று பார்க்கப் போனேன். முதலில் அக்காவின் காலைத் தொட வேண்டும், பிறகு வீட்டுக்கு வந்து கனகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் கிளம்பினேன்.

குரலை வைத்தே கண்டுகொண்டார். "மாடம்பாக்கத்துத் தம்பியா? வா வா. கனகா எப்படி கீறா? இருமல் இல்லியே?" என்றார். உள்ளே திரும்பி, "ஏம்மா, காபி போடு. இவங்க வூட்டு அடுப்புலதான் அத்தினி வருசம் எனக்கு சாம்பாரு கொதிச்சுது" என்று மருமகளிடம் சொன்னார்.

மருமகள் உள்ளே போனதும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா... அன்னிக்கு அந்த ஆபீசர் வந்தப்போ..." என்று ஆரம்பித்தேன்.

கையை நீட்டி, தடவி, என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக.

"கனகாவுக்குத் தெரியாதே?"

"தெரியாதுக்கா."

"தெரிய வேணாம். அவ ஒன்னிய ரொம்ப ஒசத்தியா நெனச்சுகினு கீறா. அத்தக் கெடுத்துடாத."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனால் போகிறது என்றும் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். காபி வந்தது. குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும், "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கனகா கேட்டாள்.

"உன்னை விசாரிச்சாங்க" என்றேன்.

அக்காவின் பேச்சைக் காப்பாற்றுகிறேனா, அதைச் சாக்காக வைத்து என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா... எனக்கே தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். கனகா அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.