ஐந்தாவது அடியை விழுங்கிய தவளை

தவளையார் தன் அக்காவிடம் பட்ட கடன் முந்நூற்று நாற்பது ரூபாய். வட்டி கிடையாது. ஆனால் வட்டியைவிடக் கடுமையான ஒரு நிபந்தனை இருந்தது. அதை அவரே தன் வாயால் தேடிக்கொண்டார்.

தவளையார் என்பது தெரு வைத்த பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டார். படித்தது ஏழாம் வகுப்பு. அந்த ஏழாம் வகுப்பும் அவரை முழுசாகப் பார்த்தது என்று சொல்ல முடியாது. பதினேழு வயதில் அருங்காட்சியகத்தின் பின்கட்டுக்கு ஜாடி கழுவப் போனார். பாம்பு, பல்லி, ஓணான், தேரை, தவளை என்று சுவர் உயரத்துக்கு அலமாரிகள். எல்லாம் ஸ்பிரிட்டில் மிதந்தன. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த அறை அது. அதில் நாற்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வெயில் ஜாடிகளுக்குள் இறங்கும். சுவர் முழுக்கத் தேன் நிறம் தளும்பும். செத்தவை எல்லாம் லேசாக நீந்துவதுபோல் இருக்கும். அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றின் விரல் நுனியையும், தொடையில் ஓடும் கோட்டையும் மனசுக்குள் வாங்கிக்கொண்டார். பத்து வருஷத்தில், பெயர் தெரியாத ஜாடியை எந்தப் படித்தவர் கொண்டுவந்து நீட்டினாலும் இன்னது என்று சொல்லிவிடுவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாம் பார்த்த பார்வை.

உயிரோடு இருப்பதைத் தேடிப் போனதும் அவராகத்தான். பஸ் டிப்போவுக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. மழை விழுந்தால் அது குட்டை. மூட்டமான ஒரு மாலையில் அங்கே பாறைமேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். தண்ணீரோரம் கட்டைவிரல் அளவுப் பழுப்புத் தவளைகள், எல்லாம் ஒரே அச்சு. குரல் மட்டும் இரண்டு. ஒன்று தையல் மிஷின்போல டக்கடக்கவென்று சீராக ஓடியது. இன்னொன்றும் அப்படித்தான் ஓடியது, ஆனால் ஐந்தாவது அடியை விழுங்கிவிட்டு ஓடியது. அவர் அக்கா தையல்காரி. அவளுடைய மிஷின் சத்தத்தில் தூங்கி வளர்ந்த காது அவருடையது. அந்தக் காதை ஏமாற்ற முடியுமா?

அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த காப்பாட்சியரிடம் போய், இது ஒரு இனமில்லை, இரண்டு என்றார். காப்பாட்சியர் இரண்டு தவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். ஒன்றுக்குச் சளி பிடித்திருக்கும் என்றார். குரலுக்குச் சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

சாட்சிக்கு டேப் ரெக்கார்டர் வேண்டும். காசு வேண்டுமே. தெருமுனை ஒற்றை அறையில் அக்கா புது மிஷினுக்கென்று சேர்த்துவைத்திருந்தாள்.

"எப்படா திருப்பித் தருவ?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குத் தரணும்? என் தவளை சம்பாதிச்சுத் தரும், பாரு."

"சரி, தவளையே தரட்டும். நீ ஜாடி கழுவுற காசு எனக்கு வேண்டாம்." சிரிக்காமல்தான் சொன்னாள். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய மிஷினையே மிதிக்க ஆரம்பித்தாள்.

அந்த மழையில் முப்பது தவளைகளைப் பிடித்தார். முதலில் அது கத்துவதைப் பதிவு செய்து, நாடாவிலேயே ஒரு எண்ணும் சொல்லிவைப்பார், அப்புறம் அதையே பிடிப்பார். நாடாவில் சொன்ன எண்ணைச் சீட்டில் எழுதி அதன் காலில் கட்டுவார். சீட்டும் தவளையோடு ஸ்பிரிட்டுக்குள் போகும். அந்தச் சீட்டைப் பென்சிலால் எழுதுவதுதான் தொழில் வழக்கம். அவருக்கோ கையெழுத்து முத்துமுத்தாக வரும். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்த ஒரே சொத்து அது. பென்சில் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்து, நல்ல நீல மை ஊற்றிய பேனாவால் முப்பதையும் எழுதினார்.

மூன்று வாரம் கழித்துக் காப்பாட்சியர் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்தார். தவளையார் அலமாரியைத் திறந்தார். மை கரைந்து ஜாடி முழுக்க வானம்போல் இளநீலம். அதில் முப்பது தவளைகள் கைகால் விரித்து மிதந்தன. காலில் கட்டிய சீட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. எந்தக் குரல் எந்தத் தவளையுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"பென்சில்" என்றார் காப்பாட்சியர். அவ்வளவுதான்.

தவளையார் அந்த ஜாடியைக் கொட்டவில்லை. அப்புறம் பல நாள் ஒரே கனவு வந்தது. குவாரியின் அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். மேலே வானமெல்லாம் மை. நீல வயிற்றுத் தவளைகள் ஒவ்வொன்றாக அவர்மேல் நீந்திப்போய், என் எண் என்ன, என் எண் என்ன என்று கேட்கின்றன. விழித்தால் தெருமுனையிலிருந்து அக்காவின் மிஷின் நடுநடுவே தையல் விட்டுவிட்டு ஓடும் சத்தம்.

அடுத்த மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. குவாரியில் தூசிதான் பறந்தது. இரண்டு முறை சம்பளப் பணத்தை மடித்து அக்காவிடம் நீட்டிப் பார்த்தார். அவள் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "இதுல ஜாடி வாசனை அடிக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவருக்குச் சுருக்கென்றது. காசுக்காக அல்ல, சொன்ன சொல் நடுத்தெருவில் நின்றதே என்றுதான்.

நான்காம் வருஷம் வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. லீவு போட்டுவிட்டு, டேப் ரெக்கார்டரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் எட்டு நாள் நின்றார். நனைந்த வெளிச்சத்தில் பாறை, தண்ணீர், தன் கால் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, காது மட்டும் மிச்சமிருப்பதுபோல் தோன்றியது. இருபத்திரண்டு தவளைகள். இருபத்திரண்டு சீட்டுகள். காதில் செருகிய கட்டைப் பென்சில் ஒன்று.

பேராசிரியர் மறுபடி வந்தார். குரலை வைத்துத் தவளைகளை இரண்டு தட்டில் பிரித்த பிறகுதான் படித்த கண்ணுக்கும் தெரிந்தது: அடியை விழுங்குகிற கூட்டத்துக்குப் பின்கால் விரல்களில் சவ்வு ஒரு கணு குறைவு. முப்பது நீலத் தவளைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அவையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. காப்பாட்சியர் எழுந்து கைகொடுத்தார். புது இனத்தைப் பற்றிய கட்டுரை அச்சில் வந்தபோது, பேராசிரியர் பெயருக்கு அடுத்த பெயர் தவளையாருடையது. ஏழாம் வகுப்புக்கு இது போதாதா?

ஆனால் அச்சு காசு தராது. அடுத்த வருஷம் அருங்காட்சியகத்தில், பொத்தானை அழுத்தினால் தவளை கத்துகிற பெட்டி ஒன்று வைத்தார்கள். நாடாவின் நகலுக்கு என்ன விலை என்று கணக்கர் கேட்டார். முந்நூற்று நாற்பது என்றார் இவர். ஐந்நூறு வரை கொடுக்க அனுமதி இருக்கிறது, கூட்டிக் கேளுங்கள் என்றார் கணக்கர்.

"வேண்டாங்க. தவளை பட்ட கடன் அவ்வளவுதான்."

பணத்தோடு அக்கா முன்னால் போய் நின்றார். அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"யாரோட காசு?"

"தவளையோடது."

"எங்க, அது பேசட்டும்."

டேப் ரெக்கார்டரை வெட்டுத் துணிகளுக்கு நடுவே வைத்துப் பொத்தானை அழுத்தினார். முதல் குரல் சீராக ஓடி முடிந்தது. இரண்டாவது வந்தது. அக்காவின் கால் தானாக நின்றது. தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக் கேட்டாள். அறைக்குள் குவாரியின் மழை பெய்தது.

"முதல்ல வந்தது வேற," என்றாள். "இது தையல் விட்டுத் தைக்குதுடா. என் மிஷின் மாதிரி."

காப்பாட்சியர் கைகொடுத்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அக்கா விரலிலிருந்த உறையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். அவர் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். முந்நூற்று நாற்பது.