நின்றுபோன மழைமானி

எங்கள் மொட்டை மாடியில் ஒரு சிறிய வானிலை நிலையம் இருக்கிறது. காற்றுக்குச் சுழலும் கிண்ணங்கள், வெப்பமானி, மழைமானி. வைஃபை வழியாக எல்லா அளவும் என் போனுக்கு வந்துவிடும். வேகவதி ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. எந்தக் கோடை அதிகம் காய்ந்தது, எந்த ஐப்பசி அதிகம் பெய்தது என்பதைத் தெருவில் என்னிடம்தான் கேட்பார்கள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிறவர்கள் காலையிலேயே குரல் கொடுப்பார்கள்: "இன்னிக்கு மழ இருக்குதாபா?"

ஒரு புயல் நாளில் பகல் ஷிப்ட்டுக்காகச் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் உள்ள கம்பெனிக்குப் போயிருந்தேன். வீட்டில் மனைவியும் அப்பாவும். அப்பாவுக்குப் பக்கவாதம், தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது. மனைவி, தரையில் குழி தோண்டிப் போட்ட குழித்தறியில் நெய்தபடியே பார்த்துக்கொள்வதற்காக, அவர் கட்டிலைத் தறிக்கூடத்திலேயே போட்டிருந்தோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தேன். நான் அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நாளில் பெய்த அதிகபட்ச மழையை அன்றைய மழை தாண்டியிருந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்தேன். வீட்டுக்கு அடித்தேன்.

"ஏங்க, தறிக்குழியில தண்ணி ஊறிக்கினு இருக்குது. நான் மொண்டு ஊத்த ஊத்த ஏறுது."

"நீ குழியில இறங்காதே. அப்பா கட்டில் காலுக்குச் செங்கல் வை."

"வெச்சிட்டேன். தெருத் தண்ணியும் வாசப்படிக்கு வந்துடுச்சி. மாமாவ நான் ஒருத்தியே எப்பிடித் தூக்குறது? நீங்க வாங்க, சீக்கிரம் வாங்க..."

லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் தென்னேரி அருகே நின்றுவிட்டது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் நின்றபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை அளவு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. அது ஏறுகிறவரை வீட்டில் வைஃபைக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் ஓடுகிறது, தண்ணீர் அதன் உயரத்துக்குப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திடீரென்று எண் அப்படியே நின்றது. கீழே 'தொடர்பு இல்லை' என்று வந்தது. வெளியே மழை கொஞ்சமும் விடவில்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் பலகை அப்பா கட்டிலைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

இறங்கி நடந்தேன். தண்ணீரைக் கடந்த ஒரு மணல் லாரி என்னை ஏற்றிக்கொண்டது. ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் கட்டில் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. அப்பா இல்லை.

"அப்பா!" என்று கத்தினேன்.

மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "இங்கதான் இருக்கறோம், மேல வாங்க!"

எதிர்வீட்டு பெயின்டர் கயிறு கட்டித் தெருவைக் கடந்து வந்திருக்கிறார். அப்பாவை நாற்காலியில் வைத்து, நழுவாமலிருக்க மனைவி தன் புடவை ஒன்றால் சுற்றிக் கட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிப் போயிருக்கிறார்கள். நான் ஏறிப் போனபோது, மாடியில் தகரக் கூரைக்குக் கீழே அப்பா நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. நைட்டியோடு நின்ற மனைவி என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"படிக்கட்டுல ரெண்டு தரம் நழுவிட்டாருண்ணா," என்றார் பெயின்டர். "அண்ணி புடிய உடவே இல்ல."

அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் முன்பு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் வரவில்லை.

பொங்கலுக்கு முன் வேறு தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். மாடியில் குழி தோண்ட முடியாது என்பதால் தறி மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கிறது. தினமும் காலையில் மனைவி கீழ்வீட்டாரிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அங்கே போய் நெய்கிறாள். தூறல் விழுந்தால் போதும், ஊடுநூல் ஓட்டும் நாடாவை அப்படியே போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடி வந்துவிடுகிறாள்.